கும்பிடுசாமிக்குப் பத்து ஆம்பியர்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

கும்பிடுசாமியின் இடது கை இன்று பேருந்தில் வந்தது. சத்தியப்பிரியா அதைத் தன் அப்பாவின் தச்சுப்பட்டறையில் இழைத்து முடித்து, பள்ளிப் பைக்குள் செருகிக்கொண்டு ஏறியிருக்கிறாள். ஐந்து மரவிரலும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தனவாம். கண்டக்டர் அவளுடைய பாஸைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்குப் பாஸ் எங்கம்மா?" என்று கேட்டாராம்.

கும்பிடுசாமி எங்கள் ரோபோ. நாலரை அடி உயரம். எதிரே யாராவது வந்து நின்றால் இரண்டு கையையும் உயர்த்திச் சேர்த்துக் கும்பிடும். மூன்று விநாடி கழித்துக் கையை இறக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 23ஆம் தேதி கல்யாண மண்டபத்தில் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் அறிவியல் கண்காட்சிக்கு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கப் போவது இதுதான். மரவேலை சத்தியப்பிரியா. கணினி நிரல் நாச்சியப்பன். மின்சாரம் நான். ஏன் நான் என்றால், மோட்டாரோடு வந்த காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தவள் நான் ஒருத்திதான்.

இந்த ரோபோ வேண்டும் என்று நான் ஏன் தலைகீழாக நின்றேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியில் எந்த விழா என்றாலும் பட்டுப்பாவாடை கட்டி, பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பது நான்தான். "தீபலட்சுமி உயரமா இருக்கு, சிரிச்ச முகம்" என்பார் தலைமையாசிரியர் மீனாட்சிசுந்தரம் சார். போன வருடக் கண்காட்சியில் முந்நூறு பேருக்குப் பன்னீர் தெளித்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ரோபோ வணக்கம் சொன்னா பன்னீருக்கு ஆள் வேணாம்ல சார்?" என்று ஜூன் மாதமே கேட்டு வைத்துவிட்டேன். "வேணாம்" என்றார். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

6 ஆகஸ்ட், புதன்

கும்பிடுசாமி பன்னீரும் தெளிக்க வேண்டும் என்று நாச்சியப்பன் ஆரம்பித்தான். தண்ணீரும் பேட்டரியும் ஒரே வயிற்றுக்குள் இருக்கக் கூடாது என்றேன். "மனுசனுக்கு எல்லாம் ஒரே வயித்துலதானே இருக்கு" என்றான். அவனோடு பேசினால் இப்படித்தான்.

பள்ளி முடிந்து மண்டபத்தைப் பார்க்கப் போனோம். வாசலில் ஒரே ஒரு மின்பெட்டி. அதில் பிளக் இல்லாமல் வெறும் வயர்களைத் துளைக்குள் விட்டு, அசையாமல் இருக்கத் தீக்குச்சி செருகியிருந்தார்கள். நான் எண்ணினேன், ஆறு தீக்குச்சி. மண்டபத்துக்காரர், "இருவது வருசமா இப்படித்தாம்மா ஓடுது. நீங்க எதுக்குப் பயப்படுறீக?" என்றார்.

முடிவு செய்துவிட்டேன். ஊரே தொட்டுப் பார்க்கப் போகிற பொருளுக்கு வீட்டு மின்சாரம் வேண்டாம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. தரையில் வயரும் ஓடாது, யாரும் தடுக்கி விழவும் மாட்டார்கள்.

9 ஆகஸ்ட், சனி

ஃபியூஸ் வாங்கப் பெத்தன் அண்ணனின் இருசக்கர வாகன உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

"என்ன வண்டிம்மா?"

"வண்டி இல்லண்ணே. ரோபோ."

"ரோபோவா? ஆர்சி புக்கு வச்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்து முடித்து, பத்து ஆம்பியர் ஃபியூஸ் ஆறு எடுத்துக் கொடுத்தார். சிவப்பு நிறம், நகத்தளவு, இரண்டு கால்.

கணக்கு இதுதான். கும்பிடுசாமியின் தோளில் இருப்பவை பழைய காரில் கண்ணாடியை ஏற்றி இறக்கிய மோட்டார்கள். இரண்டு கையும் சும்மா அசையும்போது நாலரை ஆம்பியர் இழுக்கும். கையை யாராவது இறுக்கிப் பிடித்து நிறுத்தினால், முக்கிக்கொண்டு இருபதுக்கு மேல் இழுக்கும். எங்கள் வயர் பதினைந்துதான் தாங்கும். அதற்கு முன்பே தான் எரிந்துபோய் மற்றதைக் காப்பாற்ற ஓர் ஆள் வேண்டும். அதுதான் பத்து ஆம்பியர் ஃபியூஸ்.

இன்னொரு விசேஷம். இந்த மோட்டார் கையைச் சுற்றும். கையைப் பிடித்து நாம் மோட்டாரைச் சுற்ற முடியாது. மின்சாரம் போனால் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். கார்க் கண்ணாடி தானாகச் சரிந்து விழாமல் இருப்பதும் இதனால்தானாம். படித்தபோது எனக்கு மிகவும் பிடித்தது.

பாதுகாப்பு விதிகள் பதினான்கு எழுதி, கும்பிடுசாமியின் முதுகில் ஒட்டினேன். ஆறாவது: ஓட்டுவதற்கு முன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நாச்சியப்பன் கையெழுத்தில் பதினைந்தாவது விதி: "ரோபோவை இயக்கவே கூடாது."

12 ஆகஸ்ட், செவ்வாய்

வீட்டு ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஃபியூஸ் வயர் இருக்க வேண்டிய இடத்தில் கொடிக்கம்பி மாதிரி ஒன்று முறுக்கிக் கிடந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"அது உங்க அப்பா போட்டது. ஒம்பது வருசமா ஃபியூசே போனதில்ல" என்றார் அம்மா, பெருமையாக.

போகாது அம்மா. வீடு போனாலும் அது போகாது.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றம். பன்னீர் தெளித்தேன். இதுவே கடைசி.

18 ஆகஸ்ட், திங்கள்

கடைசி இல்லைபோல் இருக்கிறது.

காலை வழிபாட்டுக்குப் பிறகு சார் முன்னிலையில் ஒத்திகை. கும்பிடுசாமி அழகாகக் கும்பிட்டது. சார் பதிலுக்குக் கும்பிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆறாம் வகுப்பை வரிசையாக விட்டதுதான் தப்பு. ஒரு பிள்ளைகூடக் கும்பிடவில்லை. எல்லாரும் கை குலுக்கினார்கள். குலுக்கியதோடு விடவும் இல்லை. இறங்குகிற கையைப் பிடித்துத் தொங்கினார்கள். டிக் என்றது, நின்றது. ஃபியூஸ் மாற்றினேன். மறுபடி தொங்கினார்கள். டிக். மூன்று ஃபியூஸ் போயிற்று.

"என்னம்மா இது, அடிக்கடி மயக்கம் போடுது?" என்றார் சார்.

"அது மயக்கம் இல்ல சார், பாதுகாப்பு. கையைப் பிடிச்சா நின்னுரணும். அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

"பெரிய மனுசங்க வர்ற இடம்மா. வாசல்ல அது செத்து நின்னா என் மானம் போயிரும். சனிக்கிழமை ஒரு தடவை நின்னாலும் ஓரங்கட்டிருவேன். நீயும் சத்தியாவும் பாவாடையும் செம்புமா தயாரா இருந்துக்கங்க."

சத்தியப்பிரியா என்னைப் பார்த்தாள். "ஏண்டி, என்னைய வேற மாட்டிவிட்டுட்டியே" என்று பார்வையாலேயே சொன்னாள்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

நாச்சியப்பன் சொல்வது: "ஃபியூஸ் இருக்குறதாலதான் நிக்குது. ஃபியூஸ் இல்லைன்னா நிக்காது. ஒரு கம்பியச் சுத்திவிட்டா முடிஞ்சு போச்சு."

எவ்வளவு யோசித்தும் அந்த வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

"நிக்காது. ஆனா எரியும்" என்றேன்.

"மெல்லிசுக் கம்பி போட்டா எரியும். நான் நல்ல தடிமனாப் போடுறேன்."

"நீ தடிமனாப் போடப் போட வேற எதாச்சும் எரியும்டா."

"சரி, பந்தயம் வச்சுக்குவோம். கம்பி போட்டு அது நின்னுச்சுன்னா நானே வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கிறேன். போதுமா?"

"கம்பி போட மாட்டோம். அதனால பந்தயமும் இல்ல."

"ஃபியூஸ் டீச்சர்" என்று பெயர் வைத்துவிட்டான். மதியத்துக்குள் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். இரண்டு முறை திரும்பிவிட்டேன்.

20 ஆகஸ்ட், புதன்

யாரும் கை கொடுக்காமல் இருக்க வழி தேடுகிறோம். மூன்றடி தள்ளிக் கயிறு கட்டுவது. "கும்பிடவும். கை குலுக்கக் கூடாது" என்று பலகை வைப்பது. தோள் பக்கத்தில் பெரிய சிவப்புப் பொத்தான் — தட்டினால் எல்லாம் நிற்கும். சத்தியப்பிரியா உள்ளங்கையில் பஞ்சு ஒட்டியிருக்கிறாள், நடுவில் யார் விரலாவது மாட்டினாலும் நசுங்காது. பேட்டரியை அவள் செய்த மரப்பெட்டிக்குள் பட்டை போட்டு இறுக்கினோம். சாய்த்துப் பார்த்தோம், நகரவில்லை.

இன்று நாற்பது முறை ஓட்டினோம். ஒருமுறைகூட நிற்கவில்லை. நாச்சியப்பன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

22 ஆகஸ்ட், வெள்ளி

கும்பிடுசாமி மண்டபத்துக்குப் போய்விட்டது. பட்டுப்பாவாடையும் போய்விட்டது — சார் பையில்.

23 ஆகஸ்ட், சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

ஒன்பதே காலுக்கு விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஆறாவது, ஃபியூஸ் பெட்டி. திறந்தேன். சிவப்பு ஃபியூஸ் இருந்தது. மூடப் போனவள் நிறுத்தினேன். அதன் இரண்டு காலையும் சேர்த்துச் செம்புக் கம்பி, நாலு சுற்று, அழகாக. எரிந்துபோன பழைய ஃபியூஸை எடுத்து, கால்களில் கம்பியைச் சுற்றிச் செருகி வைத்திருக்கிறான் நாச்சியப்பன். மேலே பார்த்தால் சிவப்பு மட்டும்தான் தெரியும். பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது எழுதப் போவது யாருக்கும் தெரியாது. நான் அதை உடனே எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் கும்பிடுசாமி நிற்கலாம். நின்றால் சார் பையைத் திறப்பார், மாலை வரை நான் வாசலில் நிற்பேன். எடுக்காவிட்டால்? ஒன்றும் ஆகாமலும் போகலாமே. எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே. அந்த நேரத்தில் நான் அப்பாவைப் போலவேதான் யோசித்தேன்.

அப்போது யாருடைய தங்கையோ, நாலு வயது இருக்கும், கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்து கும்பிடுசாமியைக் கட்டிப்பிடித்து வயிற்றில் கன்னத்தை வைத்தது. பேட்டரி இருக்கிற அதே இடம். வாயில் இருந்த மிட்டாய் மரத்தில் ஒட்டிக்கொண்டது. குழந்தை ஓடிப் போய்விட்டது.

கம்பியைப் பிடுங்கிப் பாவாடைப் பையில் போட்டேன் — பள்ளிச் சீருடைப் பாவாடை, பட்டு இல்லை. புதுப் பத்து ஆம்பியரைச் செருகினேன். நாச்சியப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்து ரகசியமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பத்து மணிக்குக் கல்வி அதிகாரி வந்தார். காரை விட்டு இறங்கும்போதே பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சேவுகப்பெருமாள் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். தலைவர் காரில் எப்போதும் ஒரு கட்டுப் பொன்னாடை இருக்கும். அதிகாரி கும்பிடுசாமிக்கு எதிரே வந்து நின்றார். கும்பிடுசாமி கையைச் சேர்த்துக் கும்பிட்டது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடடா, பிள்ளைக செஞ்சதா?" என்றபடி, தன் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்துக் கயிற்றைத் தாண்டி வந்து கும்பிடுசாமிக்குப் போர்த்தினார்.

பதினான்கு விதியில் பொன்னாடை இல்லை. கை கொடுப்பார்கள் என்று யோசித்தோம். விரல் மாட்டும் என்று யோசித்தோம். எவருக்கு எது நடந்தாலும் பொன்னாடை போர்த்துகிற இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை.

அவர் எதிரிலேயே நின்றதால் கும்பிடுசாமி மறுபடியும் கும்பிட்டது. பிறகு கை இறங்க ஆரம்பித்தது. பொன்னாடையின் ஒரு முனை தோள்மூட்டுக்குள் போவதைப் பார்த்தேன். பொத்தானை நோக்கி ஓர் அடி வைத்தேன். அதற்குள் டிக்.

கைகள் முகவாய்க்கு நேரே, சேர்ந்தபடி நின்றுவிட்டன.

அதிகாரி, தனக்கு மறுபடியும் வணக்கம் என்று நினைத்துக் கும்பிட்டார். ரோபோ இறக்கவில்லை. அவரும் இறக்கவில்லை. பக்கத்தில் இருந்த சேவுகப்பெருமாள் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். வாசல் முழுவதும் கூப்பிய கைகள். இறக்குவது மரியாதை இல்லை என்று ஒருவரும் இறக்கவில்லை.

அரை நிமிடம் இருக்கும். அதிகாரி உதட்டை அசைக்காமல், "சார், இது எப்ப கையை எறக்கும்?" என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். அவர் மானம் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"நீங்கதான் மொதல்ல எறக்கணுங்கய்யா" என்றேன். "பெரியவுக எறக்குறதுக்கு முன்னாடி இது எறக்காது."

பொய் சொல்லக் கூடாது என்பதும் பதினான்கில் இல்லை.

அதிகாரி கையை இறக்கினார். எல்லாரும் இறக்கினார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கே இல்லாத மரியாதை" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். கும்பிடுசாமி இறக்கியதா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் போனதும் நாச்சியப்பன் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "நிக்காதே? எப்படி நின்னுச்சு?"

பாவாடைப் பையில் இருந்து அவன் கம்பியை எடுத்துக் காட்டினேன்.

"அடிப்பாவி. நீ மாத்திட்டே."

"ஆமா."

"நான் போட்டதே இருந்திருந்தா நின்னுருக்காதுல்ல?"

பொன்னாடையை இழுத்துப் பார் என்றேன். இழுத்தான். வரவில்லை. மூட்டில் ஒன்றரைச் சுற்று இறுகியிருந்தது. சத்தியப்பிரியா உளியைக் கொண்டுவந்து அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் தைத்திருந்த சீட்டை அவன் கையில் கொடுத்தேன். நூறு சதவீதம் பாலியஸ்டர்.

"மோட்டார் முக்கிக்கிட்டே இருந்திருக்கும்" என்றேன். "உன் கம்பி அறுந்திருக்காது. சுட்ட வயரு மேல இது கிடந்து பத்தியிருக்கும். இதுக்கு முன்னாடி அந்த அதிகாரி நின்னிருப்பார்."

அவன் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தான். மூன்று சொல்தான் அதில்.

அதற்குள் இரண்டு பேருந்து நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கும்பிடுசாமியைச் சரிசெய்ய இருபது நிமிடமாவது ஆகும். சார் பையோடும் செம்போடும் வந்தார். சத்தியப்பிரியாவைப் பார்த்தார். அவள் தோள்மூட்டுக்குள் கையை விட்டு நூல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தார். என் வாயில் திருகாணி, கையில் திருப்புளி. எங்களை ஓரங்கட்டினால் ரோபோவைச் சரிசெய்ய ஆள் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், சும்மா நின்றுகொண்டிருந்த ஒரே ஆளைப் பார்த்தார்.

"நாச்சியப்பா, இங்குட்டு வா. செம்பைப் பிடி."

"சார்... நானா?"

"பாவாடை வேணாம்டா. செம்பு மட்டும்."

பந்தயத்தை நான் நினைவுபடுத்தவே இல்லை. அவனாகவே என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

பதினொன்றரைக்குக் கும்பிடுசாமி மறுபடியும் கும்பிட்டது. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். எழுபத்திரண்டு மேசைகள். எல்லாவற்றையும் பார்த்தேன். சிங்கம்புணரிப் பிள்ளைகள் செய்த, தேங்காய் நாரில் தண்ணீர் வடிகட்டும் கருவியை இரண்டு முறை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

நாச்சியப்பனே கேட்டான், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று. பட்டறை முற்றத்தில், சத்தியப்பிரியாவின் அப்பா பக்கத்தில் நிற்க, மணல் வாளியும் வைத்துக்கொண்டு, பழைய மோட்டார் ஒன்றைச் சுழல முடியாதபடி பிடிப்பானில் இறுக்கி அவன் கம்பி வழியாகப் பேட்டரியைக் கொடுத்தோம். முதலில் ஒன்றும் இல்லை. "பாத்தியா" என்றான். பிறகு வாடை. பிறகு வயரின் தோல் நெளிந்து புகைந்தது. உடனே பிடுங்கிவிட்டோம்.

அவன் கம்பியை எடுத்துப் பார்த்தோம். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. புதிதாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஸ்டூலைப் போட்டு ஏறி ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

4 செப்டம்பர், வியாழன்

நாளை ஆசிரியர் தின விழா. அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். சார் கையெழுத்து.

வரவேற்பு: நாச்சியப்பன், அருண்பாண்டியன் (ஒன்பதாம் வகுப்பு). கும்பிடுசாமி.
மின்சாரம்: தீபலட்சுமி.

மதியம் நாச்சியப்பன் வந்து, "பன்னீர் எல்லார் கண்ணுலயும் படுது. நீ எப்படித்தான் தெளிச்சே?" என்று கேட்டான். மணிக்கட்டை மட்டும் அசைக்க வேண்டும், தோளை அசைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். எழுதித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று ஓடிவிட்டான்.

சாயங்காலம் கும்பிடுசாமியைச் சரிபார்த்தேன். விதிகள் இப்போது பதினைந்து. பழைய பதினைந்தாவதை அடித்துவிட்டு "பொன்னாடை போர்த்தக் கூடாது" என்று எழுதியிருக்கிறோம். ஆறாவதுக்கு வந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு, பத்து ஆம்பியர், கால்களில் ஒன்றும் சுற்றியில்லை. மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நான் ஒட்டியது இல்லை.

"கம்பி போடுகிறவர் பன்னீர் தெளிப்பார். — அனுபவஸ்தன்."